ஷிட்சுவின் குணம் மாறிவிட்டதா? அறிகுறி வாரியாகக் காரணம் தேடும் வழி

‘நல்லாத்தான் இருந்தது, திடீர்னு குணம் மாறிடுச்சு.’ ஷிட்சு நாய் வளர்ப்பவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்டிருக்கும் பேச்சு இதுதான். அப்படிச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘கடைசியாக அதன் கண்ணையும் பல்லையும் எப்போது பார்த்தீர்கள்?’ என்பது. பதினான்கு வருடங்களாக இந்த இனத்தோடு வாழ்கிறேன்; இப்போது இருப்பது இரண்டாவது. குணம் கெட்டுப்போன ஷிட்சுவை நான் பார்த்தது மிகக் குறைவு. வலியில் இருந்த, பயத்தில் இருந்த, ‘வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஷிட்சுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மந்தை மேய்க்கவோ எலி பிடிக்கவோ வேட்டைக்குத் துணை போகவோ உருவான இனம் இல்லை இது. திபெத்திய சிறு நாய்களின் வழியில் வந்து சீன அரண்மனையில் வளர்ந்தது. பெயருக்குச் சிங்கம் என்று பொருள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1969இல் இந்த இனத்தை ஏற்றுக்கொண்டது. இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கும் அந்த அமைப்பின் இலக்கணக் குறிப்பு குணத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: ஷிட்சுவின் ஒரே வேலை வீட்டில் மனிதருக்குத் துணையாக இருப்பது, ஆகவே அது கலகலப்பாகவும் பாசமாகவும் எல்லோரையும் நம்புவதாகவும் இருக்க வேண்டும். கோளாறு தேடும்போது நான் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். நம்பிக்கை இந்த நாயின் இயல்பு. அது குறைந்தால் எங்கேயோ ஏதோ சரியில்லை.

இன்னொன்று, அளவு. வளர்ந்த ஷிட்சு 4 முதல் 7 கிலோ வரை இருக்கும். முப்பது கிலோ நாய் உறுமினால் நாம் இரண்டடி பின்னால் போவோம். ஐந்து கிலோ நாய் உறுமினால் ‘கோபத்தைப் பாரேன்’ என்று சிரித்தபடியே தூக்கிவிடுகிறோம். அது சொன்னது எதுவும் நம் காதில் விழவில்லை. கீழே வரப்போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடும் வரிசை ஒன்றுதான். முதலில் உடம்பு, அடுத்து சூழ்நிலை, கடைசியில் பழக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வலியுள்ள நாய்க்குப் பயிற்சி கொடுப்பது கொடுமை. கூடவே ஒரு வாரம் சின்னக் குறிப்பு எழுதுங்கள்: எப்போது நடந்தது, யார் இருந்தார்கள், அதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது. பல வீடுகளில் அந்தக் குறிப்பை எழுதி முடிக்கும்போதே விடை தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்: உங்களிடம் இருப்பது ஷிட்சுதானா?

லாசா அப்சோ என்ற திபெத்திய நாயினத்தை ஷிட்சு என்று நினைத்து வளர்ப்பவர்கள் நிறையப் பேர். 1930களில் இங்கிலாந்தில்கூட இந்தக் குழப்பம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்து, 1934இல்தான் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். வெளித்தோற்றம் ஒத்துப்போனாலும் குணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. லாசா அப்சோ திபெத்திய மடாலயங்களுக்குள் ஆள் நடமாட்டத்தைக் கவனித்துக் குரல் கொடுத்த நாய். அந்நியரைச் சந்தேகிப்பது அதன் பிறவிக்குணம். ‘ஷிட்சு ஏன் விருந்தாளிகளிடம் ஒட்டமாட்டேன் என்கிறது?’ என்று கவலைப்படுகிற வீட்டில், சில சமயம் அந்த நாய் தன் இனத்துக்கு ஏற்றபடி சரியாகத்தான் நடந்துகொண்டிருக்கும்.

முகத்தைப் பாருங்கள். ஷிட்சுவுக்கு உருண்டைத் தலை, ரொம்பக் குட்டை மூக்கு, பெரிய வட்டக் கண். மூக்குத்தண்டில் முளைக்கும் முடி மேல்நோக்கி நாலாபக்கமும் விரிந்து, முகமே சாமந்திப் பூ மாதிரி இருக்கும். லாசாவுக்குத் தலை குறுகல், மூக்கு சற்று நீளம், கண் சிறிது. கலப்பினமாகவும் இருக்கலாம், அப்போது இரண்டு குணமும் கலந்து வரும்.

இதன் உடல்மொழி ஏன் தவறிப்போகிறது

நாய்கள் கடிப்பதற்கு முன் பல படிகளில் சொல்லிப் பார்க்கும். உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், உடம்பை இறுக்கி அசையாமல் நிற்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், அப்புறம்தான் உறுமும். ஷிட்சுவிடம் இந்தப் படிகளில் பாதி முடிக்குள் மறைந்துபோகின்றன. மேலும் அதன் கண் இயல்பிலேயே பெரிது; சும்மா இருக்கும்போதே சிலவற்றுக்கு வெள்ளை கொஞ்சம் தெரியும். குட்டை மூக்கால் எப்போதும் ஒரு கொர்கொர் சத்தம் வேறு. அந்தச் சத்தத்துக்கும் மெல்லிய உறுமலுக்கும் வித்தியாசம் தெரிய, அந்தக் குறிப்பிட்ட நாயோடு பழகியிருக்க வேண்டும்.

நான் நம்புவது வாலை. ஷிட்சுவின் வால் முதுகின்மேல் வளைந்து சாமரம் மாதிரி நிற்க வேண்டும். அது இறங்கித் தொங்கினால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நாய் நிம்மதியாக இல்லை. அடுத்து மூச்சு: தொட்டவுடன் கொர்கொர் சத்தம் சட்டென்று நின்றால் அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: தொட்டால், தூக்கினால் உறுமுகிறது, கடிக்க வருகிறது

இதுவரை தொட விட்ட நாய் இப்போது விடவில்லை என்றால், வலி என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். எங்கே தொடும்போது உறுமுகிறது என்பதுதான் முதல் தடயம்.

முகத்தருகே என்றால் கண். குட்டை முக நாய்களின் கண் வெளியே துருத்தியிருக்கும். சில நாய்களுக்குத் தூங்கும்போதுகூட இமை முழுதாக மூடாது. முடி உரசியே கருவிழியில் புண் வரும். ஒரு கண்ணை மட்டும் சுருக்குவது, நீர் வடிவது, சிவப்பு, பாதத்தால் தேய்ப்பது, கருவிழியில் நீலம் அல்லது வெள்ளை மங்கல்: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கருவிழிப் புண் ஓரிரு நாளில் ஆழமாகிக் கண்ணையே கெடுத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து புண்ணை மோசமாக்கும்.

கண் சரி என்றால் வாய். இந்தச் சின்னத் தாடையில் 42 பல்லுக்கும் இடம் வேண்டும். நெருக்கியடித்து முளைக்கும், பால்பல் விழாமல் தங்கிவிடும், இடுக்கில் அழுக்கு சேர்ந்து ஈறு கெடும். என் முதல் ஷிட்சு பஞ்சு ஏழு வயதில் முகம் துடைக்கப் போனால் உறும ஆரம்பித்தது. வயதாகிவிட்டது, சிடுசிடுப்பு வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு இரண்டு மாதம் அதட்டிக்கொண்டிருந்தேன். மயக்கம் கொடுத்து வாயைப் பார்த்தபோது பின்பக்கம் இரண்டு பல் வேரோடு ஆடிக்கொண்டிருந்தன. எடுத்த பத்தாம் நாள் பழையபடி என் உள்ளங்கையில் முகத்தை வைத்துத் தூங்கியது. சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தது என்று நினைத்தது என் தவறு. பல்வலி இருந்தாலும் நாய்கள் சாப்பிடும்.

காது: தொங்கும் காது, உள்ளே முடி. நாற்றம், கறுப்பு அழுக்கு, தலையை உதறுவது இருந்தால் தொற்றாக இருக்கலாம். பின்னங்கால்: நடக்கும்போது இடையில் இரண்டு எட்டு நொண்டி மறுபடி சரியாவது முட்டிச்சில் (முழங்கால் சில்லு) விலகலின் அடையாளம்; சிறு இனங்களில் சாதாரணமாகக் காணப்படுவது. முதுகு: இந்த இனத்துக்கு உயரத்தைவிட நீளம் சற்று அதிகம். தூக்கும்போது வீல் என்று கத்துவது, சோபாவில் ஏறத் தயங்குவது, முதுகை வளைத்து நிற்பது எல்லாம் முதுகுத்தண்டு வட்டுக் கோளாறாக இருக்கலாம். பின்னங்கால் தள்ளாடினாலோ இழுபட்டாலோ அது அவசரநிலை.

மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் நாய்களுக்கு நஞ்சாகலாம்.

மருத்துவர் பார்த்து உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, தூக்கும் முறையைப் பாருங்கள். மேலிருந்து இரண்டு கை திடீரென்று இறங்கி, அக்குளைப் பிடித்து, கால் அந்தரத்தில் தொங்கத் தூக்குவது: பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஒரு நாளைக்கு இருபது முறை. அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். பக்கவாட்டில் உட்காருங்கள். ‘தூக்கட்டுமா?’ என்று ஒரே சொல்லை எப்போதும் சொல்லுங்கள். ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். முதுகு தரைக்குச் சமமாக இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அது உங்கள் பக்கம் சாயும் அல்லது விலகும். விலகினால் தூக்காதீர்கள். அதன் ‘வேண்டாம்’ ஒருமுறை மதிக்கப்பட்டால், அடுத்த முறை பல்லைக் காட்ட அவசியம் இருக்காது.

தடவும்போதும் அப்படியே. மூன்று விநாடி தடவி நிறுத்துங்கள். கையைத் தேடி வந்தால் தொடருங்கள். சும்மா இருந்தால் அதுவே பதில்.

உறுமியதற்காக ஒருபோதும் அடிக்காதீர்கள், மூக்கில் தட்டாதீர்கள். உறுமலை அடக்கிவிட்டால் பயமும் வலியும் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்புறம் ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும்.

அறிகுறி: சீப்பை எடுத்தாலே ஓடி ஒளிகிறது

ஷிட்சுவின் முடி மனிதத் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருப்பது. உதிரும் முடி கீழே விழாமல் உள்ளேயே சிக்கிச் சடையாகும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் உரசும் இடம்: இங்கே விரலை விட்டுத் துழாவுங்கள். கட்டியாக இருந்தால் அது ஒவ்வொரு அசைவிலும் தோலை இழுத்துக்கொண்டிருக்கிறது. நாள் முழுக்க யாரோ முடியைப் பிடித்திருப்பது போல. அந்த நிலையில் சிடுசிடுக்காத உயிர் எது?

சடை அதிகமானால் சீவிப் பிரிக்க முயலாதீர்கள். முழுதாகக் குட்டையாக வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே கருணை. கத்தரிக்கோலால் வீட்டிலேயே சடையை வெட்டும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும். முடி வெட்டும் மெஷின்தான் பாதுகாப்பு. அழகு போய்விடுமே என்று யோசிப்பவர்களுக்கு: முடி வளர்ந்துவிடும். சீப்பு மேல் வந்த பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

குட்டியாக இருக்கும்போது அமைதியாகச் சீவ விட்டது, பத்து பன்னிரண்டு மாதத்தில் திடீரென்று எதிர்க்கும். பலர் இதை ‘வயசுக்கோளாறு’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வயதில்தான் குட்டிமுடி போய்ப் பெரிய முடி வருகிறது; சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட வேகமாகச் சிக்கு விழும். அந்தச் சமயத்தில் தினமும் சீவ வேண்டும்.

மறுபடி பழக்க: முதல் மூன்று நாள் சீப்பைத் தரையில் வைத்து, அதை முகர்ந்தால் ஒரு சிறு தின்பண்டம். அடுத்து சீப்பின் முதுகால் தோளை ஒருமுறை தொட்டு, தின்பண்டம். பிறகு ஒரே ஒரு இழுப்பு. வலிக்காத இடத்திலிருந்து, அதாவது முதுகு, தோள் என்று ஆரம்பித்து, பாதமும் முகமும் கடைசியில். உலர்ந்த முடியைச் சீவாமல் லேசாக நீர் தெளித்து, முடியின் நுனியிலிருந்து வேரை நோக்கிப் போங்கள். அடிமுடியை விரலால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. நான் ஒருமுறைக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மீதி நாளைக்கு.

அறிகுறி: தனியாக விட்டால் அழுகை, கதவைப் பிறாண்டல்

துணையாக இருப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயிடம், எட்டு மணி நேரம் தனியாக இரு என்றால் அது கஷ்டப்படத்தான் செய்யும். ஆனால் சலிப்பு வேறு, பீதி வேறு. இரண்டுக்கும் மருந்து வேறு. போனில் வீடியோ போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். ஊகத்தில் எதையும் தொடங்காதீர்கள்.

நீங்கள் போனதும் கொஞ்சம் தேடிவிட்டுப் படுத்து, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து செருப்பைக் கடித்தால் அது சலிப்பு. போகும் முன் ஒரு நடை, உணவை ஒளித்து வைத்து மோப்பத்தால் தேடவிடும் விளையாட்டு, கடிக்க ஒரு பொம்மை என்று கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

நீங்கள் சாவியை எடுக்கும்போதே நடுக்கம், கதவு மூடிய சில நிமிடங்களிலேயே ஊளை, வாயில் எச்சில், பிடித்த தின்பண்டத்தைக்கூடத் தொடாமல் கதவோரமே நிற்பது என்றால் அது பீதி. அப்போது பொம்மை உதவாது. கூண்டில் அடைக்கக் கூடாது. பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். படிகளை ரொம்பச் சின்னதாக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு மறுபடி உட்காருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு டிவி பாருங்கள். கதவைத் திறந்து மூடி உள்ளேயே இருங்கள். அடுத்து வெளியே ஐந்து விநாடி. பத்து. முப்பது. நாய் பதறும் முன்பே திரும்ப வேண்டும். பதறிய பிறகு திரும்பினால் அது பயிற்சியாகாது. அரைமணி நேரத்தை எட்ட வாரக்கணக்கில் ஆகும். அதுவரை யாராவது கூட இருக்க ஏற்பாடு செய்வது அவசியம்.

கடுமையாக இருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். ஃபுளுவாக்சடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகள் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அனுமதி பெற்றவை. மருந்து கொடுப்பது தோல்வி இல்லை. பீதியில் இருக்கும் மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. பீதியைக் குறைத்தால் பயிற்சி வேலை செய்யும்.

இன்னொரு நாய் வாங்கிவிட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் ஆகாது. அது தேடுவது உங்களை.

அறிகுறி: வீட்டுக்குள்ளேயே சிறுநீர்

ஷிட்சுவுக்கு இந்தப் பழக்கம் படிவது மெதுவாகத்தான். எட்டு மாதம், ஒரு வயது வரைகூட இடையிடையே தவறும். அது பழிவாங்கல் இல்லை. நாய்க்கு அப்படி ஒரு கணக்குத் தெரியாது. எந்த மாதிரி சிறுநீர் என்று பாருங்கள்.

விருந்தாளி வந்ததும், நீங்கள் குனிந்ததும் உடம்பைத் தாழ்த்திக் கொஞ்சம் விட்டால் அது உற்சாகம் அல்லது பணிவு. திட்டினால் கூடும். குனியாமல், கண்ணைப் பார்க்காமல், அமைதியாக உள்ளே வந்தால் போதும். வளர வளரப் போய்விடும். சோபாக் கால், திரைச்சீலை என்று நிமிர்ந்த பொருள்களில் சிறு துளியாக விட்டால் எல்லை குறிப்பது. கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசலாம். தரையில் பெரிய குளமாக இருந்தால் இன்னும் பழகவில்லை: எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் உரிய இடத்துக்குக் கூட்டிப்போய், முடித்த இரண்டு மூன்று விநாடிக்குள் தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்றுதான் புரிந்துகொள்ளும். தவறிய இடத்தை நொதி (என்சைம்) கலந்த திரவத்தால் துடையுங்கள். அமோனியா வாடை உள்ளது வேண்டாம். சிறுநீர் வாடையே அதில் இருக்கிறது.

நன்றாகப் பழகியிருந்த நாய் திடீரென்று தவறினால் மருத்துவர்தான். சிறுநீர்ப்பைக் கல் இந்த இனத்தில் அதிகம். அடிக்கடி முக்குவது, சொட்டுச் சொட்டாகப் போவது, சிவப்பு நிறம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆண் நாய் முக்கியும் சிறுநீரே வரவில்லை என்றால் அது உயிருக்கு ஆபத்து. இரவானாலும் கிளம்ப வேண்டும்.

அறிகுறி: பிடிவாதம். கூப்பிட்டால் வராது, நடுவழியில் உட்கார்ந்துவிடும்

நடுவழியில் உட்காருவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இதில் உயிர்ப்பிரச்சினை இருக்கிறது. நாய் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சு வாங்கி இளைப்பதன் மூலம்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். குட்டை மூக்கு நாய்க்கு அந்தக் காற்றுப்பாதை குறுகல். வெயிலில், புழுக்கத்தில் அது நிற்கிறது என்றால், நடந்தால் தாங்காது என்று அதன் உடம்பு சொல்லியிருக்கிறது. அதைப் பிடிவாதம் என்று இழுத்துக்கொண்டு போய் வெப்பத்தாக்கில் பறிகொடுத்தவர்கள் உண்டு. சத்தமான இளைப்பு, நாக்கு அடர்சிவப்பு அல்லது நீலம், தள்ளாட்டம் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்நீரை உடம்பில் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். நடை எப்போதும் அதிகாலையில் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாமல் ஹார்னஸில் கட்டுங்கள். கழுத்தை இறுக்கினால் மூச்சு மட்டுமல்ல, துருத்திய கண்ணுக்கும் ஆபத்து.

கூப்பிட்டால் வராததற்கு வருவோம். நெற்றி முடி கண்ணை மறைக்கிறதா? கை சைகை தெரியாமலேயே ஒரு வருடம் ‘கீழ்ப்படியாத நாய்’ என்று பெயர் வாங்கிய ஷிட்சுவை எனக்குத் தெரியும். முடியைத் தூக்கிக் குடுமி போட்டதும் அடுத்த நாளே உட்காரக் கற்றுக்கொண்டது. காதுத் தொற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டும் இல்லை என்றால், இதன் வம்சத்தை நினைத்துப் பாருங்கள். மேய்ப்பு நாய் மனிதனின் விரலசைவுக்குக் காத்திருக்கும்படி வளர்க்கப்பட்டது. ஷிட்சுவிடம் யாரும் எந்த வேலையும் கேட்டதில்லை. ஆகவே, ‘ஏன் செய்யணும்?’ என்பது அதன் நியாயமான கேள்வி. பதில் கையில் இருக்கட்டும்: சமைத்த கோழி, பட்டாணி அளவில். மூன்று நிமிடப் பயிற்சி, ஒரு நாளைக்கு நான்கு முறை. வந்தபோதெல்லாம் நல்லது நடக்க வேண்டும். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் கூப்பிடாதீர்கள். அப்போது நீங்களே எழுந்து போங்கள். குரலை உயர்த்தினால் இந்த நாய் வேகமாகக் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான், அது உங்களிடமிருந்து தள்ளி இருப்பது.

அறிகுறி: ஒருவர் மடியில் இருந்துகொண்டு மற்றவரைப் பார்த்து உறுமுகிறது

‘என்மேல் எவ்வளவு பாசம் பாரு’ என்று மடிக்குச் சொந்தக்காரர் மகிழ்ந்துபோவார். பாசம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது உணவுத்தட்டைக் காப்பது போல மடியைக் காக்கிறது, உள்ளுக்குள் பதறுகிறது. சிரித்துத் தடவிக்கொடுத்தால் வளரும். திட்டினால், அந்த இன்னொருவர் வந்தாலே திட்டு விழும் என்று அவர்மேல் வெறுப்பு வரும்.

உறுமியதும் மடிக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து நிற்கட்டும். மடி மறைந்துபோகும். இது உடனடிச் சமாளிப்புதான். உண்மையான வேலை உறுமாத தூரத்தில் நடக்க வேண்டும்: இன்னொருவர் பத்தடி தள்ளி நின்று ஒரு தின்பண்டத் துண்டை எறிந்துவிட்டுப் போகட்டும். நாளுக்கு நாள் ஒரு அடி நெருங்கலாம். அவர் வந்தால் நல்லது வரும் என்று நாயின் மனத்தில் பதிந்த பிறகு, அவரைப் பார்த்ததும் வால் ஆடும். நடைக்குக் கூட்டிப்போவதையும் உணவு வைப்பதையும் அவரிடமே கொடுத்துவிடுவது இதை வேகப்படுத்தும்.

அறிகுறி: வேற்று நாய்களையும் ஆட்களையும் கண்டால் நடுக்கம் அல்லது விடாத குரைப்பு

மணியடித்தால் நான்கு குரை குரைத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு வருவது இந்த இனத்துக்கு இயல்பு. வந்தவர் உட்கார்ந்த பிறகும் குரைத்தால் அது பயம். குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. சின்ன நாய்தானே என்று அந்தச் சமயம் முழுக்கக் கையிலேயே வைத்திருந்தால், எட்டு மாதத்தில் எல்லாமே பூதமாகத் தெரியும். வளர்ந்த நாயையும் பழக்கலாம், நேரம்தான் கூடும். பயப்படாத தூரத்தில் நின்று பார்க்கவிட்டு, பார்த்த ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு தின்பண்டம். பிடிக்காதபோது விலகிப்போக வழி இருக்க வேண்டும்.

எந்த நாய் வந்தாலும் வெடுக்கென்று தூக்கிக்கொள்வதும் பயத்தை வளர்க்கும். உங்கள் கை இறுகுவது அதற்குத் தெரியும். அதே சமயம், ஆறு மடங்கு பெரிய நாய் வேகமாக ஓடிவரும்போது தூக்கத்தான் வேண்டும். எப்போது எது என்று நீங்கள்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரே ஒரு விதி: குழந்தை தரையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் நாய் மடிக்கு வரலாம். நின்றபடி தூக்கிக் கைநழுவினால் கால் எலும்பு முறியும்.

அறிகுறி: மலத்தைத் தின்கிறது

ஷிட்சு குட்டிகளிடம் அடிக்கடி பார்ப்பது. மலப் பரிசோதனை செய்து புழு இல்லை என்று உறுதிசெய்யுங்கள், உணவின் அளவு போதுமா என்று பாருங்கள். மற்றபடி முடித்த உடனே அள்ளிவிடுவதுதான் மருந்து. கத்திக்கொண்டு ஓடினால் அவசரமாக விழுங்கிவிடும். பெரும்பாலான குட்டிகள் வளர்ந்ததும் விட்டுவிடுகின்றன.

அறிகுறி: வயதான ஷிட்சு இரவில் நடக்கிறது, தொட்டால் திடுக்கிடுகிறது

பத்து வயதுக்கு மேல் காதும் கண்ணும் மங்கும். தூங்கும் நாயைத் தொட்டதும் கடிக்க வந்தால், நீங்கள் வந்தது அதற்குத் தெரியவில்லை என்று பொருள். தரையை இரண்டு முறை தட்டுங்கள், அதிர்வில் விழிக்கும். அல்லது மூக்கருகே கையை வைத்து, வாசனை அதற்கு எட்டிய பிறகு தொடுங்கள். இரவில் வட்டமடிப்பது, சுவரைப் பார்த்து நிற்பது, பழகியவரை மறப்பது போன்றவை மூளை மூப்பின் அடையாளங்கள். ஆனால் மூட்டுவலியும் சிறுநீரகக் கோளாறும்கூட இரவில் உறங்கவிடாது. ஆகவே ‘வயசாயிடுச்சு’ என்று நிறுத்திவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மூளை மூப்புதான் என்றால் மருந்தும் தனி உணவும் ஓரளவு உதவும். தட்டையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். வழியில் சிறு விளக்கு ஒன்று எரியட்டும். வழுக்கும் தரையில் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ஒரு பாய் விரியுங்கள். பஞ்சுவின் கடைசி ஒன்றரை வருடம் அப்படித்தான் போனது. இரவு எழுந்தால் அந்தப் பாயின் மேலேயே நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அதே வழியில் திரும்பி வந்து என் கைக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.